கண்ணில்லாத கண்ணி

சென்னையிலிருந்து அரக்கோணம் போகும் மின்சார ரயிலில் கடம்பத்தூர், செஞ்சி பானம்பாக்கம் தாண்டினால் மணவூர். அடுத்த நிறுத்தம் திருவாலங்காடு. ஸ்டேஷனை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் நடந்தால் நெல், வேர்க்கடலை, கரும்பு. திருவாலங்காட்டில் திருத்தணி கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பதால் இந்த வட்டாரத்தில் கரும்புக்குத் தனி மரியாதை. ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த கரும்புக்கொல்லை மனிதனுக்கு வருமானம் என்றால், நரிக்கும் பன்றிக்கும் வீடு. இருட்டத் தொடங்கியதும் ஒரு மூலையில் ஊளை கிளம்பும். இன்னொரு மூலையிலிருந்து பதில் வரும்.

ஊளை இந்த மண்ணுக்குப் புதிதல்ல. காரைக்கால் அம்மையார் இந்த ஆலங்காட்டைப் பாடியபோதே நரியும் பேயும் திரியும் சுடுகாட்டைத்தான் சிவன் ஆடும் மேடையாகக் கண்டார். நரி முகத்தில் விழித்தால் யோகம் என்று இன்றும் சொல்கிறோம். அதே நரி கரும்பைக் கடித்துப் போட்டால், ஆட்டுக்குட்டியைத் தூக்கிப் போனால், யோகம் எல்லாம் விடிவதற்குள் மறந்துவிடும்.

சில மாதங்களுக்கு முன் மணவூர்ப் பக்கத்து டீக்கடை ஒன்றில் உட்கார்ந்திருந்தபோது ஒரு சண்டையைக் கேட்டேன். சண்டை போட்டவர்கள் மூன்று பேர். ஒருவர் கரும்பு போட்டிருப்பவர். அவருக்குப் பன்றித் தொல்லை, வேலிக்கு ஓரமாகச் சுருக்கு வைத்திருக்கிறார். இன்னொருவர் நாட்டு நாய் நான்கைந்து வளர்க்கும் இளைஞர். அதில் ஒரு நாய் அந்தச் சுருக்கில் மாட்டிச் செத்துவிட்டது. அதுதான் சண்டைக்குக் காரணம். "பன்னிக்குத்தான்டா வெச்சேன், உன் நாயை யாரு என் கொல்லைக்கு வரச் சொன்னது?" என்று இவர் கேட்க, "நாயை வுட்டுப் புடிச்சா எது பன்னி எது ஆடுன்னு எனக்குத் தெரியும், உன் கம்பிக்குத் தெரியுமா?" என்று அவர் திருப்பிக் கேட்டார். மூன்றாமவர் பெஞ்சின் ஓரத்தில் குந்தியிருந்த வயதான இருளர். அறுப்பு முடிந்த கழனிகளில் எலி பிடிப்பவர். இருவரும் ஓய்ந்த பிறகு அவர் கரும்புக்காரரைப் பார்த்துச் சொன்னார்: "பொறி வெச்சா பொறிகிட்ட இருக்கணும் நைனா. வெச்சுட்டு வூட்ல போயி படுத்துக்குனா அதுக்குப் பேரு வேட்டையா?"

மூவரும் பேசியதில் பாதி, 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி குற்றம். அதை அவர்கள் அறியாதவர்களும் அல்ல. ஆனால் அந்தப் பெரியவர் சொன்ன ஒரு வாக்கியத்தில் இருக்கும் வித்தியாசத்தை நம் சட்டமும் நிர்வாகமும் வனவிலங்கு விவாதங்களும் இன்னும் சரியாகப் பிடித்துக்கொள்ளவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

வேட்டை முறைகளை நாம் வழக்கமாக இரண்டு தட்டில் வைத்துப் பேசுகிறோம். ஒன்று பாரம்பரியம், இன்னொன்று நவீனம். அல்லது ஒன்று கொடூரம், இன்னொன்று நாகரிகம். துப்பாக்கி நாகரிகமாகத் தெரிகிறது, வலை காட்டுமிராண்டித்தனமாகத் தெரிகிறது. இந்தத் தராசு பழுது. கேட்கவேண்டிய கேள்வி வேறு: கொல்லும் நேரத்தில் அந்த இடத்தில் ஒரு மனிதன் இருக்கிறானா, இல்லையா?

சுருக்கை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய மோட்டார் சைக்கிளின் கிளட்ச் ஒயர் ஒன்று போதும். வேலிக்கு அடியில் விலங்கு நுழைந்து நுழைந்து தேய்ந்த தடத்தில் வளையமாகத் தொங்கவிட்டால், தலையை விட்ட உயிர் முன்னால் இழுக்க இழுக்க இறுகும். பன்றி மாட்டலாம். நரியோ முயலோ பக்கத்து வீட்டு ஆடோ மாட்டலாம். அடுத்தது அவுட்டுக்காய். வெடிமருந்தையும் கல்துண்டுகளையும் உருட்டிக் கட்டி இறைச்சிக்குள்ளோ பழத்துக்குள்ளோ ஒளித்து வைப்பது. கடித்ததும் தாடை சிதறும். 2020 ஜூன் மாதம் திருச்சி ஜீயபுரம் அருகே இப்படி இறைச்சியில் வெடி வைத்து நரியைக் கொன்ற வழக்கில் 12 பேர் கைதானார்கள். கேரளத்தில் கர்ப்பிணி யானை வெடிவைத்த பழத்தால் இறந்த செய்தியின் அதிர்ச்சி அடங்குவதற்குள் வந்த செய்தி அது. கடைசியாகக் கரண்ட். பம்புசெட்டிலிருந்தோ, போஸ்ட் கம்பியில் கொக்கி போட்டோ வரப்பைச் சுற்றி இழுத்துவிடுகிறார்கள். 2023 மார்ச் மாதம் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே பன்றிக்காக இழுத்த இப்படி ஒரு கம்பியில் மூன்று யானைகள் செத்தன. கூட வந்த இரண்டு குட்டிகள் தாயின் உடலைச் சுற்றிச் சுற்றி வந்ததைத் தமிழ்நாடே பார்த்தது. அதே ஆண்டு மின்வேலிகளைப் பதிவுசெய்து ஒழுங்குபடுத்தும் விதிகளை அரசு கொண்டுவந்தது. யானை செத்தால் செய்தி. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போன பக்கத்து நிலத்துக்காரர் அதே கம்பியில் விழுந்தால் உள்ளூர்ப் பதிப்பில் நாலு வரி.

சுருக்கு, அவுட்டுக்காய், கரண்ட் மூன்றும் ஒரே சாதி. வைத்தவன் போய்விடுகிறான், பொருள் காத்திருக்கிறது. எது வந்தாலும் அதற்குச் சம்மதம். கண்ணி என்ற சொல்லுக்குள் கண் இருக்கிறது. ஆனால் இந்தக் கண்ணிக்குக் கண் கிடையாது.

இப்போது மறுபக்கம். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதிகளில் குருவிக்காரர்கள் நரி பிடிக்கும் முறை பற்றிய குறிப்பு உண்டு. நாம் நரிக்குறவர் என்று அழைக்கும் மக்கள்தான் அவர்கள். வேட்டைக்காரன் மறைவாக உட்கார்ந்து நரியைப் போலவே ஊளையிடுவான். தூரத்திலிருந்து பதில் வரும். மறுபடி இவன். மறுபடி அது. குரலை நம்பி நரி கிட்டே வரும்போது வலையும் தடியும் காத்திருக்கும். யோசித்துப் பாருங்கள்: எந்தக் குரலுக்கு எந்த நரி வரும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, நிலா எங்கே நிற்கிறது எல்லாம் தெரிந்திருக்கவேண்டும். வருவது நாயாக இருந்தால் எழுந்து போய்விடலாம். வேண்டாத விலங்கு ஒன்றுகூடச் சாகாது.

இதை நான் புகழவில்லை. அந்த ஊளையின் முடிவிலும் ஒரு நரி செத்தது. நரிக்கொம்பு என்று விற்கப்பட்ட பொருள் சுத்த ஏமாற்று. நரிக்குக் கொம்பு முளைக்காது, அதை வாங்கிப் பணப்பெட்டியில் வைத்தவனுக்கு எதுவும் கொழிக்கவும் இல்லை. சேலம் வாழப்பாடிப் பக்கத்தில் பொங்கலை ஒட்டி நரியை வலைபோட்டுப் பிடித்து, வாயைக் கட்டி, ஊரைச் சுற்றி ஓடவிட்டுப் பிறகு காட்டில் விடும் வழக்கம் இருக்கிறது. வங்கா நரி ஜல்லிக்கட்டு என்று பெயர். வனத்துறை அபராதம் போடுகிறது. போடத்தான் வேண்டும். வேடிக்கைக்காக ஓர் உயிரை மிரட்டுவதற்குப் பரம்பரை என்ற பெயர் போதாது. பரம்பரைக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆள் அருகில் இருக்கும் முறைக்கும் ஆள் இல்லாத முறைக்கும் உள்ள தூரத்தை மட்டும் காட்டுகிறேன்.

இந்தச் சண்டை நமக்கு மட்டும் உரியதும் அல்ல. அமெரிக்காவில் கயோட்டி என்று ஒரு விலங்கு. நம் நரிக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி. அங்கே ஒலிப்பெருக்கியில் அடிபட்ட முயலின் கதறலை ஒலிக்கவிட்டு, துப்பாக்கியோடு காத்திருக்கும் கூட்டம் ஒன்று. வேட்டைநாய்களைத் திரளாக விட்டுத் துரத்தும் கூட்டம் இன்னொன்று. காலைக் கவ்வும் இரும்புப்பொறி வைப்பவர்கள் வேறு. இவன் நாய் என் நிலத்தில் ஓடி விலங்கைக் கலைத்துவிட்டது என்று அவனும், அவன் பொறியில் என் நாயின் கால் போனது என்று இவனும் ஓயாமல் மோதிக்கொள்கிறார்கள். கேட்டால் மணவூர் டீக்கடையின் ஆங்கிலப் பதிப்பு மாதிரியே இருக்கும். அந்நாட்டு அரசுத் துறையே ஆண்டுக்கு அறுபதாயிரம் கயோட்டிகளுக்கு மேல் கொன்று வந்திருக்கிறது. அதற்குப் பயன்படுத்திய கருவிகளில் ஒன்று, மண்ணில் நட்டுவைத்து, வாசனைக்கு வந்து இழுத்தால் சயனைடு பீய்ச்சும் குழல். 2017-இல் ஐடஹோ மாநிலத்தில் வீட்டுக்குப் பின்னாலிருந்த மேட்டில் ஒரு பதினான்கு வயதுப் பையன் அதைத் தெரியாமல் தொட்டான். பையன் பிழைத்தான். கூடப் போன நாய் அவன் கண்ணெதிரே செத்தது. அதுவும் ஆள் இல்லாத வேட்டைதான், அரசு முத்திரையோடு. இத்தனைக்குப் பிறகும் கயோட்டி குறையவில்லை. ஒரு காலத்தில் மேற்குச் சமவெளிகளில் மட்டும் இருந்தது, இன்று ஹவாய் தவிர எல்லா மாநிலங்களிலும் இருக்கிறது.

நம் சட்டம் வேட்டை என்றால் என்ன என்று சொல்லும் இடத்தில் கொல்வது, பிடிப்பது, துரத்துவது, பொறிவைப்பது, இரைவைப்பது எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுகிறது. பாதுகாக்கவேண்டிய விலங்கு என்று வரும்போது அது சரி. 2022 திருத்தத்துக்குப் பிறகு நரி முதல் அட்டவணைக்கு வந்துவிட்டது. மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. நல்லது. ஆனால் காட்டுப்பன்றி விஷயத்தில் அரசே கொல்ல அனுமதி கொடுக்கத் தொடங்கியிருக்கிறது. எப்படிக் கொல்வது என்ற கேள்வி அங்கே வந்துவிடுகிறது. அந்த இடத்திலும் ஒரே கூடைதான் என்றால் தொல்லை.

2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு அறிவித்த ஏற்பாடு இது: காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக்கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றுக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். கேரளம் 2022-இலேயே உள்ளாட்சித் தலைவர்களின் கையில் அனுமதி கொடுக்கும் அதிகாரத்தைத் தந்து, உரிமம் பெற்ற துப்பாக்கிக்காரர்களைக் கூப்பிட வழிசெய்தது. பிகார் 2016-இல் வெளியூர்த் துப்பாக்கி வீரர்களை வரவழைத்து மொகாமா பகுதியில் சில நாட்களில் 250 நீலான் மான்களைச் சுட்டுத் தள்ளியது. அதற்காக அன்றைய மத்திய அமைச்சர்களான மேனகா காந்தியும் பிரகாஷ் ஜாவடேகருமே வெளிப்படையாக மோதிக்கொண்டார்கள். மூன்று மாநிலங்களுக்கும் பொதுவானது ஒன்றே: தீர்வு என்றாலே துப்பாக்கி.

துப்பாக்கி மோசம் என்று சொல்லவரவில்லை. சுடுபவன் எதைச் சுடுகிறோம் என்று பார்த்துத்தான் சுடவேண்டும், அந்த வகையில் அது சுருக்கைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் ஆளுயரக் கரும்புக்குள் படுத்திருக்கும் பன்றியை எங்கே பார்த்துச் சுடுவது? திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில் குன்றும் காப்புக்காடும் கழனியும் பின்னிக் கிடக்கின்றன. வனவர் ஜீப்பில் வந்து இறங்கும் சத்தத்துக்கே பன்றி அடுத்த கொல்லைக்குப் போய்விடும். எந்தத் தடம் நேற்றையது, எது இன்றையது, எந்தக் கூட்டத்தில் குட்டி இருக்கிறது, எந்தப் பக்கத்திலிருந்து கலைத்தால் எந்தப் பக்கம் வெளியே வரும் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இந்த மாவட்டத்தில் இல்லையா என்ன? எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவர்களைத்தான் நாம் அரிசி ஆலையிலும் செங்கல் சூளையிலும் கொத்தடிமையாகக் கண்டெடுத்து மீட்டுக்கொண்டிருக்கிறோம்.

இருளர்கள் எலி பிடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். வரப்பைச் சுற்றிவந்து எல்லா வளைகளையும் முதலில் எண்ணுவார்கள். ஒன்றிரண்டை விட்டு மற்றதை மண்ணால் அடைப்பார்கள். ஓட்டை போட்ட பானைக்குள் வைக்கோலைப் புகையவிட்டு வளைக்குள் ஊதுவார்கள். மூச்சுமுட்டி வெளியே வரும் எலியைக் கையால் பிடிப்பார்கள். பாம்பு வந்தால் அது வேறு கணக்கு, அதுவும் தெரியும். கடைசியில் வளையை வெட்டி, எலி சேர்த்துவைத்த நெற்கதிரை எடுத்துக்கொள்வார்கள். அதுதான் கூலி. நிலத்தில் ஒரு சொட்டு விஷம் இல்லை. எலி மருந்து தின்ற எலியைத் தின்று ஆந்தை சாகும் கதையும் இல்லை. எலியைத் தின்னும் நரிக்கும் கெடுதல் இல்லை.

இந்த அறிவு ஏட்டில் ஏறிய ஒரு கதையும் உண்டு. ஃபுளோரிடாவின் சதுப்பு நிலத்தில் பர்மிய மலைப்பாம்பு பெருகி, உள்ளூர் விலங்குகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தது. 2016-இல் பரிசு அறிவித்துப் போட்டி வைத்தார்கள். ஏறக்குறைய ஆயிரம் பேர் ஒரு மாதம் தேடி 106 பாம்புகளைப் பிடித்தார்கள். அடுத்த ஆண்டு ஜனவரியில் நம் மாநிலத்து இருளர்கள் இருவரை, மாசி சடையனையும் வடிவேல் கோபாலையும், அழைத்துப் போனார்கள். இரண்டு வாரம் ஆவதற்குள் 13 பாம்புகள். அதில் ஒன்று 16 அடிப் பெண் பாம்பு. வாகனத்தில் ரோட்டோரமாகத் தேடுவதே அங்கே வழக்கமாக இருந்தது. இவர்கள் புதருக்குள் நடந்து போய், தடமும் எச்சமும் பார்த்துப் பிடித்தார்கள். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் விமான டிக்கெட் எடுத்து அழைத்த அறிவை, திருவாலங்காடு ஒன்றியத்தில் பஸ் காசு கொடுத்து அழைக்க ஆளில்லை.

முன்னுதாரணம் இல்லை என்று யாரும் சொல்லிவிடவும் முடியாது. பாம்புத்தோல் வியாபாரம் தடைசெய்யப்பட்டு இருளர்கள் பிழைப்பின்றி நின்றபோது, 1978-இல் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. பிடித்து, விஷம் எடுத்து, மறுபடி விட்டுவிடுவது. நாட்டின் பாம்புக்கடி மருந்துக்குத் தேவையான விஷத்தின் பெரும்பங்கு அங்கிருந்துதான் போகிறது. குற்றமாகிப்போன ஒரு கைத்தொழில் பொதுச்சேவையாக மாறியது. பாம்புக்குச் செய்ததைப் பன்றிக்கும் எலிக்கும் ஏன் செய்யக்கூடாது? நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கலாம் என்று லோகூர் குழு 1965-இல் பரிந்துரைத்தது. நாடாளுமன்றம் அதை நிறைவேற்ற 2022 டிசம்பர் ஆனது. சான்றிதழ் வந்துவிட்டது. வேலை?

இடையில் ஒரு வார்த்தை. நரி குறைந்ததால்தான் மயில் பெருகிவிட்டது, மயில் முட்டையைத் தின்ன ஆளில்லை என்று தமிழ்நாட்டு விவசாயிகள் பல இடங்களில் சொல்கிறார்கள். கணக்கு முழுவதும் சரியா என்பதை அறிஞர்கள் பார்த்துக்கொள்ளட்டும். ஆனால் தணிகை வேலனின் வாகனம் வேர்க்கடலையைக் கொத்தும்போது அதை எதுவும் செய்யமுடியாமல் நிற்கும் திருத்தணிக்காரரின் முகத்தைப் பார்த்தால், அந்தப் பக்கம் போன நரியைச் சுருக்குப்போட்டுக் கொன்றது யாருக்கு லாபம் என்று கேட்கத் தோன்றும்.

வேலன் பெயர் வந்ததால் வள்ளியையும் சொல்லிவிடுகிறேன். திருத்தணி மலையில் முருகனோடு நிற்பவள் வேடர் தலைவன் நம்பிராஜனின் மகள். கதையில் அவள் செய்த வேலை என்ன? தினைப்புனம் காப்பது. பரண்மேல் ஏறி நின்று, ஆலோலம் பாடி, கவண்கல் வீசிக் குருவி விரட்டுவது. வேட்டைக் குலத்துப் பெண், ஆனால் கொல்லவில்லை. பயிரைக் காத்தாள். பரணில் ஆள் இருந்தது. நம் கழனிகளில் பரண் போய்விட்டது. கூலி கட்டுப்படியாகவில்லை, இரவுக் காவலுக்கு ஆள் கிடைக்கவில்லை. ஆள் போன இடத்தில்தான் கம்பி வந்து உட்கார்ந்தது. விவசாயியை மட்டும் குற்றம் சொல்லி இதை முடிக்கமுடியாது. நஷ்டஈடு கேட்டு அலைந்து அலுத்தவர்தான் கம்பியை இழுக்கிறார்.

ஆகவே திருவள்ளூர் மாவட்ட நிர்வாகத்திடம் கேட்பது இதுதான். பன்றியைச் சுடுவதா வேண்டாமா என்று முடிவுசெய்யும் வேலையில் வனத்துறை, வருவாய்த்துறை, ஊராட்சி ஆட்களோடு தடம் பார்க்கத் தெரிந்த இருளர் ஒருவரும் நரிக்குறவர் ஒருவரும் சம்பளத்தோடு உட்காரட்டும். பிடிக்கலாம் என்று சொன்ன எல்லைக்குள் வலையும் கூண்டும் அவர்கள் கையில், வனவர் கண்பார்வையில், அடையாள அட்டையோடு இருக்கட்டும். அறுப்புக் காலத்தில் எலி பிடிக்க ஏக்கருக்கு இவ்வளவு என்று கூட்டுறவுச் சங்கம் மூலம் கூலி கொடுக்கட்டும். இரவுக் காவலை ஊரக வேலைத்திட்டத்தில் சேர்க்க முடியுமா என்று பார்க்கட்டும். அவுட்டுக்காய்க்கு வெடிமருந்து விற்பவனைப் பிடித்த பிறகு, அதை வைத்தவனைப் பிடிக்கட்டும். பயிர் நஷ்டஈட்டை அடுத்த போகத்துக்கு முன்னால் கொடுத்துவிடட்டும்.

கரும்பு போட்டிருக்கும் அண்ணன்மாருக்கும் ஒன்று. அரசு என்ன செய்கிறதோ செய்யாமல் போகிறதோ, நீங்கள் வைத்த சுருக்கு எங்கெங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். நாளைக் காலை ஒரு நடை போய் அவிழ்த்துவிடுங்கள். இன்று ராத்திரி கம்பியில் கொக்கி போடாதீர்கள்.